9600, 52எக்ஸ், பிசி133: பழைய கணினியின் வேகங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது எப்படி?

பழைய கணினி ஒன்றைத் திறந்து, அதில் உள்ள எண்களை மட்டும் படித்துப் பாருங்கள். பின்பக்கத்து சீரியல் போர்ட்டுக்கு (பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் இணைப்பு) 9600. சிடி டிரைவின் முகப்பில் 52எக்ஸ். ஹார்ட் டிஸ்க் லேபிளில் அல்ட்ரா ஏடிஏ 100. ரேமில் பிசி133. யுஎஸ்பி 1.1 என்றால் 12 மெகாபிட். எல்லாமே வேகத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் இவற்றில் எந்த இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. 52எக்ஸ் டிரைவை 12 மெகாபிட் போர்ட்டில் மாட்டினால் முழு வேகம் கிடைக்குமா? ஒரு ஃபிளாப்பியில் உள்ளதை சீரியல் கேபிள் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? எண்களைப் பார்த்து மட்டும் பதில் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் 'நொடிக்கு எத்தனை பைட்' என்ற ஒரே அளவுக்கு மாற்றிவிட்டால் ஒப்பிடலாம். கணக்கு என்னவோ ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும்தான். சிரமம், லேபிளில் உள்ள எண் எதை எண்ணிச் சொன்னது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதற்கு மூன்று கேள்வி போதும். பிட்டா, பைட்டா? ஆயிரம் என்றால் 1000-ஆ, 1024-ஆ? அந்த எண்ணில் நம்முடைய தகவல் எவ்வளவு, கூடவே வரும் சுமை எவ்வளவு? மூன்றாவதில்தான் ஆள் சறுக்குவது அதிகம், அதனால் அதற்கே நிறைய இடம் கொடுக்கப் போகிறேன்.

பிட், பைட்

8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். மோடம், நெட்வொர்க், யுஎஸ்பி என்று ஒற்றைக் கம்பியில் வரிசையாகப் போகும் சமாச்சாரங்களைப் பிட்டில் சொல்வது தொலைத்தொடர்புத் துறையின் வழக்கம். வட்டு, நினைவகம், அவற்றை இணைக்கும் பட்டைக் கேபிள்கள் ஆகியவற்றைப் பைட்டில் சொல்வது கணினிக்காரர்களின் வழக்கம். ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன 'பி' பிட், பெரிய 'பி' பைட். பெட்டியை அச்சடித்தவர் அந்த வித்தியாசத்தைக் கவனித்திருப்பார் என்று நம்பிவிட வேண்டாம். இங்கே நான் இரண்டையும் முழுதாகவே எழுதுகிறேன்.

ஆக, 12 மெகாபிட் யுஎஸ்பி என்பது நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட். எட்டால் வகுத்தால் 15 லட்சம் பைட். யுஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட் இதேபோல 60 மெகாபைட். இது உச்சவரம்பு மட்டுமே, கைக்கு வருவது இதைவிடக் குறைவு. ஏன் என்பதை சீரியல் போர்ட்டில் பார்ப்பதுதான் எளிது, ஏனென்றால் அங்கே ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

சீரியல் போர்ட்: எட்டால் வகுக்காதீர்கள்

9600 என்று அமைத்த சீரியல் போர்ட்டில் நொடிக்கு 9600 பிட் போகும். எட்டால் வகுத்தால் 1200 பைட் வரவேண்டும். வராது, 960 பைட்தான் வரும்.

காரணம், இந்தப் போர்ட்டில் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. கம்பி சும்மா இருக்கும்போது ஒரே நிலையில் கிடக்கும். ஒரு பைட் வரப்போகிறது என்று தெரிவிக்க முதலில் ஒரு ஸ்டார்ட் பிட் போகும். பெறும் சிப் அந்த நொடியிலிருந்து தன் கடிகாரத்தை ஓட்டி, சம இடைவெளியில் எட்டு முறை கம்பியைப் பார்த்து எட்டு பிட்டைக் குறித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு ஸ்டாப் பிட். அதோடு ஒரு பைட் முடிந்தது, அடுத்ததற்கு மறுபடி ஸ்டார்ட் பிட்டிலிருந்து ஆரம்பம். 8 பிட் தகவலுக்குக் கம்பியில் 10 பிட் நேரம் செலவாகிறது. சாக்கோடு எடை போட்ட அரிசி மாதிரிதான்: 9600 மொத்த எடை, 960 பைட் நிகர எடை.

அமைப்புத் திரையில் '8-என்-1' என்று பார்த்திருப்பீர்கள். 8 தகவல் பிட், பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் ஒரு பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று அதற்குப் பொருள். ஸ்டார்ட் பிட்டை யாரும் எழுதுவதில்லை, அது எப்போதும் ஒன்றுதான். எனவே வகுக்க வேண்டிய எண்ணை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். 8-என்-1 என்றால் 1 + 8 + 0 + 1 = 10. பட்டறைகளில் உள்ள பழைய சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) இயந்திரங்கள் சிலவற்றில் 7 தகவல் பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்று அமைத்திருப்பார்கள். அங்கே 1 + 7 + 1 + 2 = 11. வேகம் 4800 என்றால் 4800-ஐ 11-ஆல் வகுத்து, நொடிக்கு சுமார் 436 எழுத்து. ஒரு லட்சம் எழுத்துள்ள புரோகிராமை ஏற்ற நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கேபிளில் கோளாறு என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த உதாரணம் டெலிடைப் மாடல் 33 என்ற பழைய தந்தித் தட்டச்சு இயந்திரம். அதன் வேகம் 110. இதென்ன ஒட்டாத எண் என்று தோன்றும். அந்த இயந்திரத்தில் ஒரு எழுத்துக்கு 1 ஸ்டார்ட், 8 தகவல், 2 ஸ்டாப், ஆக 11 பிட். 110-ஐ 11-ஆல் வகுத்தால் நொடிக்குச் சரியாகப் பத்து எழுத்து. அந்த இயந்திரம் அடிக்கும் வேகமும் அதுதான்.

சீரியல் போர்ட்டின் உச்ச வேகமான 115200-க்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஐபிஎம் பிசி வகைக் கணினிகளின் சீரியல் சிப்புக்கு 18,43,200 ஹெர்ட்ஸ் படிகம் ஒன்று துடிப்பு கொடுக்கும். சிப் அதை 16-ஆல் வகுத்துப் பயன்படுத்தும். கிடைப்பது 1,15,200. அதற்குமேல் போக வழியில்லை, கீழே வேண்டுமானால் முழு எண்களால் வகுத்துக்கொள்ளலாம். 12-ஆல் வகுத்தால் 9600.

பாட் என்ற குழப்பம்

'9600 பாட்' என்று சொல்லக் கேட்டிருப்போம். பிரெஞ்சு தந்திப் பொறியாளர் எமில் போடோ பெயரில் வந்த அளவு இது. கம்பியில் சமிக்ஞை நொடிக்கு எத்தனை முறை மாறலாம் என்பதைக் குறிக்கும். சீரியல் போர்ட்டில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட், எனவே பாட்டும் பிட் வேகமும் ஒன்றே. மோடத்தில் அப்படி இல்லை. 2400 பிட் மோடம் தொலைபேசிக் கம்பியில் நொடிக்கு 600 முறைதான் சமிக்ஞையை மாற்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் 4 பிட்டை ஏற்றி அனுப்பும். அதை '2400 பாட் மோடம்' என்று ஊரே சொன்னது, தொழில்நுட்பப்படி தப்புதான். யாராவது பாட் கணக்கில் ஒரு மோடத்தின் வேகத்தைச் சொன்னால், பெரும்பாலும் பிட்டைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

மோடத்தில் இன்னொரு திருப்பம் உண்டு. பிழைதிருத்தம் உள்ள பிற்கால மோடங்கள் தங்களுக்குள் பேசும்போது ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளைக் கழற்றிவிட்டு, தகவலைக் கட்டுக்கட்டாக அனுப்பும். எனவே அங்கே எட்டால் வகுப்பதே பொருத்தம். 56 கிலோபிட் என்றால் 7000 பைட். ஆனால் அந்த 56 இறக்குவதற்கு மட்டும்தான், வி.90 என்ற தரத்தில் இயங்கும் மோடத்தில் ஏற்றும் வேகம் 33.6 கிலோபிட். அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பியில் செலுத்தும் மின்திறனுக்கு இருந்த வரம்பால் இறக்கும் வேகமும் 53.3-ஐத் தாண்ட முடியவில்லை. கம்பியின் தரத்தைப் பொறுத்து 44, 46 என்று இணைப்பு கிடைப்பது சகஜம். 44 கிலோபிட் என்பது 5500 பைட். அதில் இணைய நெறிமுறைகளின் தலைப்புத் தகவல் போக, டவுன்லோடு பெட்டியில் 'நொடிக்கு 5 கேபி' என்று தெரியும். டயல்-அப் காலத்தில் இருந்தவர்களுக்கு அந்த எண் மறந்திருக்காது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். அதிகபட்சம் நொடிக்கு 1200 பைட். 60,000 பைட் கொண்ட ஒரு சின்னப் படம் திரையில் முழுதாக வர 50 நொடி.

ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?

இரண்டாவது கேள்வி இது. கம்பிக்காரர்களுக்குக் கிலோ என்றால் எப்போதும் 1000. நினைவகக்காரர்களுக்கு 1024, ஏனென்றால் சிப்புகள் இரண்டின் அடுக்காகவே வளர்கின்றன. 1998-ல் ஐஇசி என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1024-க்கென்று கிபி, மெபி என்ற தனி முன்னொட்டுகளைக் கொண்டுவந்தது. ஆனால் நாம் பேசும் வன்பொருளில் பெரும்பகுதி அதற்கு முந்தியது, பிந்தியதிலும் எல்லாரும் பின்பற்றவில்லை.

கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம். மெகாவில் கிட்டத்தட்ட 5. கிகாவில் 7-க்கு மேல். உத்தேசமாக ஒப்பிடுவதற்கு இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். கணக்கு ஏன் சரியாகப் பொருந்தவில்லை என்று மண்டையை உடைக்கும்போது மட்டும் நினைவுக்கு வரவேண்டும்.

ஒரே பொருளில் இரண்டையும் கலந்த சாதனை ஃபிளாப்பிக்கு உரியது. 1.44 மெகாபைட் ஃபிளாப்பியின் உண்மைக் கொள்ளளவு 14,74,560 பைட். ஆயிரம் கணக்கில் அது 1.47 மெகாபைட். 1024 கணக்கில் 1.41. அப்புறம் 1.44 எங்கிருந்து வந்தது? 1440 முறை 1024 பைட் என்று எண்ணிவிட்டு, அந்த 1440-ஐ மட்டும் 1000-ஆல் வகுத்திருக்கிறார்கள். எந்தக் கணக்கிலும் சேராத ஒரு மெகாபைட்.

ஃபிளாப்பியைச் சுற்றிப் பார்ப்போம்

வேகம் எங்கே, எப்படித் தேய்கிறது என்று ஒரு பொருளை முழுதாகப் பிரித்துப் பார்க்க ஃபிளாப்பியைவிட வசதியானது இல்லை. அதன் கட்டுப்பாட்டுச் சிப்பின் வேகம் நொடிக்கு 5,00,000 பிட். எட்டால் வகுத்தால் 62,500 பைட். வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றில் படிக்கும் தலையின் முன்னால் கடந்துபோகும் இடம் 62,500-இல் ஐந்தில் ஒரு பங்கு: 12,500 பைட்.

ஆனால் ஒரு டிராக்கில் (வட்டில் ஒரு சுற்றுப் பாதை) எழுதியிருப்பது 18 செக்டர் (அந்தப் பாதையின் துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 9216. மீதி 3284 பைட் எங்கே போனது? ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் 'இது இத்தனையாவது டிராக், இத்தனையாவது செக்டர்' என்று சொல்லும் தலைப்பு இருக்கிறது. படித்தது சரிதானா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண் இருக்கிறது. செக்டர்களுக்கு நடுவே வெற்றிடமும் விட்டிருக்கிறார்கள். எல்லா டிரைவும் துல்லியமாக 300 சுற்று ஓடாது. கொஞ்சம் வேகமாக ஓடும் டிரைவில் எழுதினால் அடுத்த செக்டர்மேல் ஏறிவிடக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. நூற்றில் 26 பங்கு இப்படிப் போய்விடுகிறது.

நிகர வேகம்: 9216 பைட், நொடிக்கு 5 சுற்று, ஆக 46,080 பைட். வட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 160 டிராக். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று, அதாவது 0.2 நொடி. முழு ஃபிளாப்பியையும் படிக்கக் குறைந்தபட்சம் 32 நொடி. இதற்குக் கீழே யாராலும் இறங்க முடியாது, வட்டு சுற்றித்தான் ஆகவேண்டும். தலை ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு நகரும் நேரத்தில் முதல் செக்டர் கடந்து போய்விட்டால், அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நடைமுறையில் ஒரு நிமிடத்தை நெருங்கும்.

சிடியின் எக்ஸ்

எக்ஸ் என்பது அளவே இல்லை, மடங்கு. எதன் மடங்கு? பாட்டு சிடி ஓடும் வேகத்தின் மடங்கு. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், இடம் வலம் என்று 2 தடம். பெருக்கினால் 1,76,400 பைட். இதை நொடிக்கு 75 செக்டராகப் பிரித்திருக்கிறார்கள், செக்டருக்கு 2352 பைட்.

பாட்டில் ஒரு பைட் பிசகினால் காதுக்குத் தெரியாது. மென்பொருளில் பிசகினால் ஓடாது. ஆகவே தகவல் சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் 304 பைட்டை அடையாளத்துக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கி, 2048 பைட்டை மட்டும் நமக்குக் கொடுக்கிறார்கள். 75 முறை 2048, 1,53,600 பைட். 1024 கணக்கில் சரியாக 150 கிலோபைட். இதுதான் 1எக்ஸ். 74 நிமிட சிடியின் கொள்ளளவு (1024 கணக்கில்) 650 மெகாபைட் என்பதையும் இதிலிருந்தே பெறலாம்: 74 நிமிடத்துக்கு 4440 நொடி, 3,33,000 செக்டர், 68,19,84,000 பைட்.

52எக்ஸ் என்றால் நொடிக்குச் சுமார் 80 லட்சம் பைட். ஆனால் வேக டிரைவுகள் வட்டை ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுவதால், வெளிவிளிம்பில்தான் அந்த 52 கிடைக்கும். படிப்பது தொடங்கும் உள்விளிம்பில் அதில் பாதிகூட இருக்காது. பெட்டியில் 'அதிகபட்சம்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது இதற்காகத்தான். டிவிடியின் எக்ஸ் வேறு: 1எக்ஸ் என்பது 13,85,000 பைட், சிடியைப் போல் ஒன்பது மடங்கு. ஆகவே 16எக்ஸ் டிவிடி டிரைவ் 52எக்ஸ் சிடி டிரைவைவிட வேகமானது.

மெகாஹெர்ட்ஸிலிருந்து பைட்டுக்கு

இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அகலம், துடிப்பு, ஒரு துடிப்புக்கு எத்தனை முறை தகவல் போகிறது, இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். பிசிஐ ஸ்லாட் (கூடுதல் கார்டுகளைச் செருகும் இடம்) 32 பிட் அகலம், அதாவது 4 பைட். துடிப்பு 33.33 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 133 மெகாபைட்.

ரேம் மட்டும் ஒரு எச்சரிக்கைக்கு உரியது. பிசி133 என்பதில் 133 மெகாஹெர்ட்ஸ். பிசி3200 என்பதில் 3200 மெகாபைட். நடுவில் பெயர் வைக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு ரேமையும் கையில் வைத்துக்கொண்டு எண்களை ஒப்பிட்டால் 24 மடங்கு வித்தியாசம் தெரியும். 133-ஐ 8 பைட் அகலத்தால் பெருக்கினால் சுமார் 1066 மெகாபைட். ஆக உண்மையான வித்தியாசம் மூன்று மடங்கு.

எட்டா, பத்தா: சாட்டாவும் ஈதர்நெட்டும்

அல்ட்ரா ஏடிஏ 100 என்பது ஏற்கெனவே நொடிக்கு 100 மெகாபைட், மாற்ற வேண்டியதில்லை. அதற்கு அடுத்து வந்த சாட்டா 1.5 கிகாபிட். எட்டால் வகுத்தால் 187 மெகாபைட் வருகிறது, ஆனால் சரியான விடை 150. சாட்டா ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட் குறியீடாக மாற்றிக் கம்பியில் அனுப்புகிறது. லேபிளில் உள்ளது அந்த மொத்த எண், எனவே பத்தால் வகுக்க வேண்டும்.

10 மெகாபிட் ஈதர்நெட்டிலும் கம்பியில் போகும் சமிக்ஞை இரட்டிப்புதான். ஆனால் அங்கே லேபிளில் போட்டிருப்பது குறியீட்டுச் சுமையைக் கழித்த பிறகு உள்ள எண். எட்டால் வகுத்து 12,50,000 பைட் என்று எடுத்துக்கொள்ளலாம். அதில் பொட்டலங்களின் தலைப்பும் நடுவில் விடும் இடைவெளியும் சேர்ந்து ஐந்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு எண்களில் ஒன்றுக்குச் சுமையைக் கழிக்க வேண்டும், இன்னொன்றுக்கு ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தெரிந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த இரண்டு கேள்விகள்

52எக்ஸ் டிரைவை யுஎஸ்பி 1.1-இல் மாட்டினால்? யுஎஸ்பி 1.1 நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடித் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டில் 64 பைட் பொட்டலம் அதிகபட்சம் 19 போகலாம். 1216 பைட், ஆயிரம் துண்டுக்கு 12,16,000 பைட். 1,53,600-ஆல் வகுத்தால் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 52எக்ஸ் டிரைவ் அங்கே 8எக்ஸ் டிரைவாகக்கூட ஓடாது. டிரைவில் கோளாறில்லை, வழிதான் குறுகல்.

ஃபிளாப்பியை சீரியல் கேபிளில் அனுப்பினால்? 9600-இல் நொடிக்கு 960 பைட். 14,74,560-ஐ 960-ஆல் வகுத்தால் 1536 நொடி: 25 நிமிடம் 36 நொடி. 115200-இல் 128 நொடி, அதாவது 2 நிமிடம் 8 நொடி. இது கேபிளில் தகவல் நிற்காமல் ஓடினால் ஆகும் நேரம். அனுப்பும் மென்பொருள் நடுநடுவே சரிபார்த்துக்கொண்டு போனால் கொஞ்சம் கூடும்.

115200-ஐத் தேர்ந்தெடுக்கும் முன் பழைய கணினியில் எந்த சீரியல் சிப் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வேகத்தில் 87 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வந்துகொண்டே இருக்கும். பழைய 8250 சிப்பில் சேர்த்து வைக்க இடமில்லை. அடுத்த பைட் வருவதற்குள் செயலி வந்து எடுக்காவிட்டால் முதல் பைட் தொலைந்தது. 16550ஏ சிப் 16 பைட்வரை பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் பயமில்லை. 8250-தான் இருக்கிறது, பிழை வந்துகொண்டே இருக்கிறது என்றால் 38400-க்கு இறக்கிவிடுங்கள். ஃபிளாப்பிக்கு 6 நிமிடம் 24 நொடி ஆகும்.